தானே மூடிக்கொண்ட வாய்: சாண்டே பெண்களின் சோவெய் முகம்

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்கப் பொருள்கள் வைத்திருந்த ஒரு மியூசியத்தில் கறுப்பாக மினுமினுக்கும் மர முகமூடி ஒன்றைப் பார்த்தேன். ‘பெண்கள் சங்கத்தின் சின்னம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பெரிய நெற்றி, கழுத்தில் அடுக்கடுக்காக மடிப்பு, உச்சியில் ஒரு பறவை. வாய் மட்டும் இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்குச் சின்னது. பெண்கள் பேசக்கூடாது என்பதைத்தான் அது சொல்கிறதா? மற்ற அடையாளங்களுக்கு என்ன பொருள்?

பதில்:

நீங்கள் பார்த்தது சோவெய் முகமூடி. சியரா லியோன், லைபீரியா, கினி ஆகிய நாடுகளில் இருக்கும் சாண்டே என்னும் பெண்கள் சங்கத்துக்கு உரியது. அந்தச் சின்ன வாயைப் பார்த்தபோது எனக்கும் முதலில் உங்கள் எண்ணம்தான் வந்தது. அதைச் செய்யச் சொல்வது யார், தலையில் கவிழ்த்துக்கொள்வது யார், எப்போது வெளியே கொண்டுவருகிறார்கள் என்றெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்த எண்ணம் நிற்கவில்லை. அது யாரோ பொத்திய வாய் இல்லை, தானே மூடிக்கொண்ட வாய். இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற அடையாளங்கள் தாமாகவே விளங்கத் தொடங்கும். ஆனால் அந்த மூடிய வாய்க்குக் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. அதையும் சொல்லாமல் விடமாட்டேன்.

முதலில் சங்கத்தைப் பற்றி. மெண்டே, கோலா, வை போன்ற மக்களிடம் இதன் பெயர் சாண்டே. தெம்னே, ஷெர்புரோ மக்கள் புந்து அல்லது போண்டோ என்பார்கள். சங்கம் என்றதும் சந்தா, உறுப்பினர் அட்டை, ஆண்டு விழா என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் பருவம் எட்டும் பெண்கள் அனேகமாக எல்லோரும் அதற்குள் போய்த்தான் வருவார்கள். ஊருக்கு வெளியே காட்டை ஒட்டி வேலி அடைத்து ஓர் இடம் ஒதுக்குவார்கள். அங்கே சிறுமிகள் சில வாரமோ சில மாதமோ தங்குவார்கள். முன்பெல்லாம் இன்னும் நீண்ட காலம் தங்கியிருக்கிறார்கள். பாட்டு, ஆட்டம், சமையல், பிள்ளை வளர்ப்பு, மூலிகை, பெரியவர்களிடம் நடந்துகொள்ளும் முறை எல்லாம் அங்கேதான் படிப்பு. வெளியே வரும்போது புதுப்பெயரோடு வருவார்கள். அந்த நாள் முதல் ஊர் அவர்களைக் குழந்தையாகப் பார்க்காது. ஆண்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு, அதன் பெயர் போரோ. லைபீரியாவின் கோலா மக்களிடம் காடு 4 ஆண்டு போரோவின் கையில், அடுத்த 3 ஆண்டு சாண்டேயின் கையில் என்று முறை வைத்து மாறிய வழக்கமே இருந்தது. தங்கள் முறை வந்தால் காடு பெண்களுடையது, அவ்வளவுதான்.

இது பழைய அமைப்பு. டச்சுக்காரர் ஓல்ஃபர்ட் டாப்பர் 1668இல் வெளியிட்ட ஆப்பிரிக்க வருணனையிலேயே லைபீரியக் கரையோரத்துப் பெண்களின் இந்தச் சங்கத்தைப் பற்றிய குறிப்பு வந்துவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. ஆப்பிரிக்க முகமூடிகளில் பெண் முகம் நிறைய உண்டு. கினியின் பாகா மக்களிடம் தோளில் தூக்கி ஆடும் பிரம்மாண்டமான த்’ம்பா இருக்கிறது. யோருபா மக்களின் கெலெதே விழாவில் தாய்மாரைப் போற்றி ஆடும் முகங்கள் இருக்கின்றன. 1977இல் நைஜீரியாவின் லாகோஸில் நடந்த ஃபெஸ்டாக் என்னும் ஆப்பிரிக்கக் கலை விழாவுக்குச் சின்னமாக வைத்ததே பழைய பெனின் அரசின் ராஜமாதா இடியாவின் தந்த முகம்தான். ஆனால் த்’ம்பாவைச் சுமப்பது ஆண், கெலெதே ஆடுவது ஆண், இடியாவின் முகம் மன்னரின் உடையோடு சேர்ந்த அணி. பெண்ணின் முகத்தை ஆண் அணிந்து, ஆண் ஆடி, பெண்ணைப் புகழ்வதுதான் பொதுவான வழக்கம். சோவெய் முகம் அப்படியல்ல. அதைக் கேட்டு வாங்குவது பெண், அதற்குச் சொந்தக்காரி பெண், தலையில் கவிழ்த்து ஆடுவதும் பெண். ஆப்பிரிக்கா முழுக்கத் தேடினாலும் பெண்களே அணிந்து ஆடும் மர முகமூடி மரபு இவ்வளவு விரிவாக வேறெங்கும் பதிவாகவில்லை. செதுக்குகிறவர் மட்டும் ஆண். அவரும் சாண்டே பெரியவள் சொல்கிறபடிதான் செதுக்குவார். வேலை நடப்பதை ஊருக்குச் சொல்லாமல் மறைவாகச் செய்ய வேண்டும்.

அதனால் அந்த முகத்தில் இருப்பது ஆண் பார்க்க விரும்பிய பெண் என்று சட்டென்று முடிவுகட்ட முடியாது. ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும் என்று மூத்த பெண்கள் இளைய பெண்களுக்குக் காட்டும் படம் அது.

இனி முகத்துக்கு வருவோம். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சோவெய் என்பது மரத்துக்கு மட்டும் உரிய பெயர் அல்ல. சங்கத்தின் மிக உயர்ந்த பதவியில் இருக்கும் பெண்ணும் சோவெய்தான். தலையில் வெள்ளைத் துணி கட்டியிருப்பாள். முகமூடி அணிந்து ஆடும் உருவத்தை ந்தோலி ஜோவெய் என்பார்கள், ஆடும் சோவெய் என்று பொருள். ஆக, பதவிக்கும் முகத்துக்கும் ஒரே சொல். சியரா லியோனின் கிரியோ மொழியில் இதை ‘போண்டோ டெபுல்’ என்கிறார்கள். டெபுல் என்ற சொல் ஆங்கில டெவிலிலிருந்து வந்தது. கிரியோவில் முகமூடி போட்டு ஆடும் எதற்கும் அதுதான் பெயர். அதைக் காதில் வாங்கிய வெள்ளைக்காரர்கள் ‘புந்து பிசாசு’ என்றே பல ஏடுகளில் எழுதிவைத்துவிட்டார்கள். இன்றும் சில பழைய அட்டைகளில் அந்தப் பெயர் கிடக்கிறது. ஊர்ப் பெண்கள் தங்கள் அழகுக்கும் ஒழுங்குக்கும் அளவுகோலாக வைத்திருக்கும் முகத்துக்குப் பிசாசு என்று பெயர் நிலைத்துவிட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் மனது ஆறுவதில்லை.

கழுத்திலிருந்து மேலே போவோம், ஏனென்றால் கதை அங்கேதான் தொடங்குகிறது. இந்த முகத்தில் உருவெடுக்கும் சோவோ என்னும் சக்தி தண்ணீருக்கு அடியில் வாழ்கிறது என்பது மெண்டே மக்களின் நம்பிக்கை. ஆற்றின், குளத்தின் ஆழத்திலிருந்து அது தலையை உயர்த்தி வெளியே வருகிறது. அமைதியான தண்ணீரில் ஒரு தலை மேலெழுந்தால் சுற்றிலும் வட்ட வட்டமாக அலை விரியுமே, கழுத்தில் இருக்கும் அந்த வளையங்கள் அவைதான். முகமூடியைச் சற்று மேலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அகலமான கீழ் வளையம், அதற்கு மேல் கொஞ்சம் சின்னது, அதற்கு மேல் இன்னும் சின்னது, நடுவில் முகம். தண்ணீர் கலங்கியிருக்கும் அந்த ஒரு கணத்தை அப்படியே மரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அதே வளையங்களுக்கு இன்னொரு பொருளும் சொல்வார்கள். நன்றாகச் சாப்பிட்டு, உடம்பு தேறி, நோயில்லாமல் இருக்கும் பெண்ணின் கழுத்தில் மெல்லிய மடிப்பு விழும். சாண்டே வேலிக்குள் சிறுமிகளை நன்றாக ஊட்டி வளர்த்து, உடம்பு மினுமினுக்க வெளியே அனுப்புவது பெருமை. பிள்ளை பெறத் தயாரான உடம்பு என்பதற்கு அதுவே சாட்சி. சங்குக் கழுத்து என்று நாம் ஓர் அழகைச் சொல்கிறோமே, அந்த மாதிரி அங்கே மடிப்புக் கழுத்து. மூன்றாவதாக, கூட்டுப்புழுவின் உடலில் இருக்கும் வளையங்களோடு ஒப்பிட்டவர்களும் உண்டு. புழுவாக உள்ளே போனது வேறொன்றாக வெளியே வருகிறது என்ற கருத்து. இந்த மூன்றில் எது சரி என்று அடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு சின்னம் நூறு வருஷம் நிற்கிறது என்றால் ஒரே அடையாளத்தில் பல பொருள் தங்கியிருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

கறுப்பும் மினுமினுப்பும் கூடத் தண்ணீரோடு சேர்ந்ததுதான். கனமில்லாத மரத்தின் ஒரே துண்டைக் குடைந்து செய்து, இலைச்சாற்றில் கறுப்பேற்றி, எண்ணெய் தடவித் தேய்ப்பார்கள். பிற்காலத்தில் ஷூ பாலிஷும் சேர்ந்துகொண்டது. ஈரம் சொட்ட இப்போதுதான் வெளியே வந்த மாதிரி இருக்க வேண்டும், எண்ணெய் பூசிய நல்ல தோல் மாதிரியும் இருக்க வேண்டும். இதற்கு நேர் எதிராக, வேலிக்குள் இருக்கும் சிறுமிகளின் உடம்பில் வெள்ளைக் களிமண் பூசியிருக்கும். மெண்டேயில் அதற்கு ஹோஜோ என்று பெயர். அந்த வெள்ளை பூசியிருந்தால் இவள் இப்போது சாண்டேக்கு உரியவள், யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம். வெளியே வருகிற அன்று அதைக் கழுவிவிடுவார்கள். வெள்ளை போய்க் கறுப்பு மினுக்கும்.

நெற்றி முகத்தில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. அறிவும் நல்ல விதியும் அங்கே இருக்கிறது என்பார்கள். கண், மூக்கு, வாய் எல்லாம் அந்த நெற்றிக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும். கண் பாதி மூடியது, வெறும் கீறல். அந்தக் கீறல் வழியாக அவள் உங்களைப் பார்க்கலாம், நீங்கள் அவள் கண்ணைப் பார்க்க முடியாது. காது சின்னது, ஏனென்றால் வம்புப் பேச்சைக் கேட்கக் காது கொடுக்கக் கூடாது.

வாயும் அப்படித்தான். வீட்டில் நடப்பதைத் தெருவில் போய்ச் சொல்லாத வாய். ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. வேலிக்குள் கற்றுக்கொடுக்கும் மருந்து, பிள்ளைப்பேற்று முறை, சங்கத்தின் சட்டம் எல்லாம் ரகசியம். வெளியே சொல்லமாட்டேன் என்று ஒவ்வொருத்தியும் சத்தியம் செய்திருக்கிறாள். உயர்ந்த பதவியில் இருக்கிறவள் நிறைய அறிந்தவள், அதனாலேயே குறைவாகப் பேசுகிறவள். ஊர்த் தலைவர்களே ரகசியம் காத்துத்தான் அதிகாரம் நடத்தும் ஒரு சமூகத்தில், வாயை மூடிக்கொள்வது அடங்கிப்போனதன் அறிகுறி ஆகாது. தன் கையில் ஏதோ இருக்கிறது என்பதன் அறிகுறி அது. போரோ ஆண்களும் இதே சத்தியத்தைச் செய்கிறவர்கள்தான்.

அதிகாரம் என்று நான் சும்மா சொல்லவில்லை. பெண்கள் குளிக்கும் துறையை எட்டிப் பார்த்த ஆண், வேலிக்குள் இருக்கும் பெண்ணிடம் தவறாக நடந்தவன், இவர்களைப் பிடித்து அபராதம் விதிக்கும் உரிமை சாண்டேக்கு உண்டு. கட்டாவிட்டால் நோய் வரும் என்ற பயமும் கூடவே இருந்தது, ஏனென்றால் மருந்து அவர்கள் கையில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் க்பா மெண்டே நாட்டை ஆண்ட மேடம் யோகோவின் கதை இதற்கு நல்ல உதாரணம். செனெஹுன் என்னும் ஊரில் அவள் நடத்திய சாண்டேக்குப் பெரிய பெயர் இருந்தது. தங்கள் பெண் அவளிடம் போய் வர வேண்டும் என்று பல வீட்டார் விரும்பினார்கள். அங்கே வளர்ந்த பெண்களைப் பார்த்து முக்கியமான குடும்பங்களில் கல்யாணம் செய்துகொடுத்து, அந்த உறவுகளின் மேல் தன் அரசியலைக் கட்டினாள். 1906இல் அவள் இறந்தபோது அந்தப் பகுதியின் மிகப் பெரிய ஆட்சியாளர்களில் ஒருத்தி. பிரிட்டிஷாரோடு ஒத்துப்போனாள் என்ற குறை அவள் மேல் உண்டு, அது நியாயமான குறைதான். ஆனால் வாய் மூடிய பெண்கள் சங்கம் ஒரு நாட்டையே நடத்தும் பலம் கொடுத்தது என்பதும் உண்மை.

தலைமுடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. எனக்கு இந்த முகத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். செதுக்குகிறவர் அதிக நாள் செலவழிக்கும் இடமும் அதுதான் என்று முகமூடியைப் பார்த்தாலே தெரியும். கொத்துக் கொத்தாக மேடு, நடுவில் வகிடு, பக்கத்தில் மீன் முள் மாதிரி பின்னல், பின்னால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவது எல்லாம் உளியால் இழைத்தது. அடர்ந்த முடியை மெண்டே மக்கள் காட்டோடும் விளைச்சலோடும் சேர்த்து நினைப்பார்கள். பூமியிலிருந்து செடி முளைத்து அடர்வது போலத் தலையிலிருந்து முடி அடர்கிறது. இரண்டையும் திருத்திப் பராமரிக்காவிட்டால் கெட்டுப்போகும். விரித்துப் போட்ட தலையைப் பார்த்தால் ஒன்று துக்கம், இல்லாவிட்டால் சித்தம் கலங்கியவள் என்றுதான் நினைப்பார்கள்.

இதிலே இன்னொரு நுட்பம். அப்படிப்பட்ட பின்னலை ஒருத்தி தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. மணிக்கணக்கில் இன்னொருத்தியின் முழங்காலுக்கு நடுவில் தலையைக் கொடுத்து உட்கார வேண்டும். அவளை நம்ப வேண்டும். பின்னுகிறவளும் இவளுக்காக அத்தனை நேரத்தைக் கொடுக்க வேண்டும். ஆகவே அந்தத் தலையில் நீங்கள் பார்ப்பது ஒருத்தியின் அழகு மட்டும் இல்லை, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொருத்தியும் அதில் இருக்கிறாள். பெண்கள் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளத்தை யாராவது யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்று நான் பல முறை வியந்திருக்கிறேன். பெண்களிடையே வழக்கில் இருக்கும் பின்னல் மாற மாற முகமூடியின் பின்னலும் மாறியிருக்கிறது.

உச்சியில் இருப்பவை முகமூடிக்கு முகமூடி மாறும். பறவை இருந்தால், இந்த உலகத்துக்கும் ஆவிகளின் உலகத்துக்கும் இடையே செய்தி கொண்டுபோகிறவள் என்பார்கள். பாம்பு தண்ணீரையும் செழிப்பையும் குறிக்கும். மருந்து அடைத்த மான் கொம்பு, சோழி, குர்ஆன் வசனம் எழுதி மடித்துத் தைத்த தாயத்து இவையும் வரும். அந்தத் தாயத்தைச் செதுக்கி வைப்பதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. காக்கும் சக்தி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நல்லதே என்ற மனம். சிலவற்றில் மூன்று கால் சமையல் பானை இருக்கும். சிலவற்றில் ஐரோப்பிய ராணியின் கிரீடமே இருக்கும். டி. ஜே. ஆல்ட்ரிட்ஜ் என்பவர் ஷெர்புரோ பகுதியில் வியாபாரியாக இருந்து பிறகு காலனி அதிகாரியானவர். அவர் வழியாக 1886இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்த சோவெய் முகத்தில் பின்னலுக்கு மேல் ஐரோப்பியத் தொப்பி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கரைக்கு வந்த கப்பலில் அதிகாரம் எந்தத் தொப்பி போட்டு வந்ததோ அதைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டது சாண்டே. தொப்பிக்குக் கீழே அதே மூடிய வாய், அதே கழுத்து வளையம். அதிலெல்லாம் கை வைக்கவில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் நிற்கும் முகத்தைப் பற்றி. உண்மையில் அது நிற்பதற்காகச் செய்தது இல்லை. மியூசியத்தில் கண்ணாடிக்குள் வெறும் தலை மட்டும் இருக்கும். அடுத்த முறை போனால் கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள், சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். அந்த ஓட்டைகளில்தான் கறுப்புச் சாயம் ஏற்றிய ராஃபியா நாரைக் கட்டுவார்கள். அடுக்கடுக்காகத் தொங்கும் நார் உடம்பு முழுவதையும் மறைத்துவிடும். கையும் காலும்கூடத் துணிக்குள். தோலில் ஒரு விரற்கடைகூட வெளியே தெரியக் கூடாது. மியூசியம் வைத்திருக்கிறவர்கள் அனுமதித்து முகமூடியைத் திருப்பிக் காட்டினால் உட்புறத்தையும் பாருங்கள். ஆடிய முகமூடியாக இருந்தால், நெற்றியும் உச்சியும் பட்ட இடம் தேய்ந்து வழவழப்பாக, மற்ற இடத்தைவிடக் கறுத்திருக்கும். அது வியர்வை. விற்பதற்கென்று செய்த முகமூடியில் வெளியே எத்தனை பளபளப்பு இருந்தாலும் உள்ளே அந்தத் தேய்மானம் இருக்காது.

ஆட்டம் நடக்கும் நாளில், பெண்கள் சுரைக்குடுக்கையின் மேல் மணி கோத்த வலையைப் போர்த்திச் சலசலக்க வைக்கிறார்கள். செக்புலா என்பது அதன் பெயர். ஆண்கள் மத்தளம் அடிக்கிறார்கள். பெண்கள் கூட்டமாகப் பாடுகிறார்கள். நடுவில் சோவெய் வருகிறாள். அவளுக்கென்று ஒரு தனிப்பெயர் உண்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். குனிந்து, நார் விரிந்து சுழல, சட்டென்று நின்று, மறுபடி சுழல்கிறாள். சுற்றியுள்ள அத்தனை பேரும் பாடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதை உடம்பால் காட்டுகிறாள். கூட வரும் பெண்கள் அதைச் சனங்களுக்குச் சொல்கிறார்கள். நீங்கள் கேட்ட அந்த மூடிய வாய் இங்கேதான் உயிரோடு இருக்கிறது. பேச வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை, அவளுக்காகப் பேச ஊரே இருக்கிறது.

கோண்டே என்று ஒருத்தியும் சில சமயம் கூட வருவாள். அவளும் சாண்டேக்காரிதான். உடைந்துபோன, சாயம் போன பழைய முகமூடி, உடம்பில் தகர டப்பா, கந்தல், ஓடு என்று கையில் கிடைத்ததெல்லாம் தொங்கும். தாளம் தப்பி ஆடுவாள், காசு கேட்பாள், சனங்களைச் சிரிக்க வைப்பாள். சோவெய் எதையெல்லாம் ஒழுங்கு என்று காட்டுகிறாளோ அதையெல்லாம் இவள் தலைகீழாக்குவாள். எல்லாப் பெண்ணாலும் சோவெய் மாதிரி இருக்க முடியாது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாதா என்ன? முடியாதவளுக்கும் சங்கத்தில் இடம் உண்டு என்று கோண்டே ஆடிக் காட்டுகிறாள். கண்காட்சிகளில் அவளை அதிகம் வைப்பதில்லை. அழகாக இல்லையாம். அவளை விட்டுவிட்டுச் சோவெயை மட்டும் காட்டினால் பாதிப் பேச்சுதான் கேட்கும்.

இப்போது கசப்பான பக்கம். வேலிக்குள் நடக்கும் சடங்கில் பெண்ணுறுப்பை அறுப்பதும் ஒரு பகுதி. சியரா லியோனில் 2019இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 83 சதவீதம் பேர் அறுக்கப்பட்டவர்கள். இரத்தப்போக்கு, சீழ், பிரசவத்தில் சிக்கல், சில சமயம் மரணம். பலர் சிறுமியாக இருக்கும்போதே அறுக்கப்படுகிறார்கள், சம்மதம் என்று ஒன்றும் அங்கே கிடையாது. அந்த நாட்டின் 2007ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமைச் சட்டத்தின் வரைவில் இதைத் தடுக்கும் பிரிவு இருந்தது, சட்டமாக நிறைவேறும்போது அது விடுபட்டுப்போனது. சாண்டே பெரியவர்களைப் பகைத்துக்கொண்டு ஓட்டு வாங்க முடியாது என்பது அங்கே எல்லா அரசியல்வாதிக்கும் தெரியும். மேடம் யோகோ காலத்துப் பலம் அப்படி இன்னொரு விதத்தில் இன்றும் நிற்கிறது.

இங்கேதான் அந்த மூடிய வாய் என்னை உறுத்துகிறது. மருந்தையும் அறிவையும் காத்த அதே ரகசியம் இரத்தத்தையும் மறைத்தது. உள்ளே நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்ற சத்தியத்தால், வலித்தது என்று சொல்லக்கூட ஒரு சிறுமிக்கு வாய் இல்லாமல் போனது. நான் முதலில் சொன்னதை இங்கே மாற்றிக்கொள்ளவில்லை. தானே மூடிக்கொண்ட வாய்தான். ஆனால் மூத்தவள் தானாக மூடிக்கொண்டது, எட்டு வயதுக் குழந்தைக்குப் பொத்தியதாக முடிகிறது. நீங்கள் முகமூடியைப் பார்த்ததும் நினைத்தது முற்றிலும் தவறு என்று என்னால் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

சியரா லியோன் வழிவந்த பெண்களிடமே இதில் ஒரே குரல் இல்லை. மானுடவியலாளர் ஃபுவாம்பாய் அஹ்மது அமெரிக்காவில் படித்து, வளர்ந்த பெண்ணாகத் தானே விரும்பிப் போய் அந்தச் சடங்கைச் செய்துகொண்டவர். இதை வெறும் கொடுமையாகப் பார்ப்பது வெளியாரின் பார்வை, எங்கள் பெண்களின் பலத்தை அது கணக்கில் எடுப்பதில்லை என்று அவர் பல ஆண்டாக வாதாடுகிறார். அவர் சொல்வதில் வளர்ந்த பெண்ணின் உரிமை பற்றிய பகுதி எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தைகள் விஷயத்துக்கு அந்த வாதம் எட்டாது என்பது என் தெளிவான கருத்து.

மறுபக்கம் முன்னாள் துணை அமைச்சர் ருகியாத்து துரே. அவரும் போண்டோவுக்குள் போய் வந்தவர்தான். சங்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இரத்தமில்லாத போண்டோ என்று ஒன்றை முன்வைத்து ஊர் ஊராகச் சோவெய்களோடு உட்கார்ந்து பேசி வருகிறார். பாட்டு, ஆட்டம், படிப்பு எல்லாம் இருக்கும், அறுப்பது மட்டும் இருக்காது. இதில் பணப் பிரச்சினையும் உண்டு. அறுக்கிற சோவெய்க்குக் கிடைக்கும் அரிசியும் காசும்தான் அவளுடைய பிழைப்பு. அதற்கு வேறு வழி காட்டாமல் கத்தியைக் கீழே போடு என்றால் அவள் எப்படிப் போடுவாள்? 2014இல் எபோலா பரவியபோது சடங்குகளை நிறுத்தினார்கள், நோய் போனதும் பல இடங்களில் மறுபடி தொடங்கிவிட்டார்கள். தடை மட்டும் போதாது என்பதை அது காட்டிவிட்டது.

எனக்கு நம்பிக்கை தருவது முகமூடியேதான். மேலே நான் விவரித்த அடையாளங்களை மறுபடி ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர், நெற்றி, பின்னல், பறவை, தாயத்து, தொப்பி. அந்த முகத்தில் கத்தி எங்கேயும் இல்லை. பெண்மை என்றால் என்ன என்று தங்கள் பெண்களுக்குக் காட்ட அந்த மூத்தவர்கள் மரத்தில் செதுக்கச் சொன்னவற்றில் அது இடம்பெறவே இல்லை.

உங்கள் கேள்வியில் விட்டுப்போன ஒன்று. அந்த அட்டையில் ‘பெண்கள் சங்கத்தின் சின்னம்’ என்று மட்டும் இருந்ததாகச் சொன்னீர்கள். எந்த மக்களுடையது, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, யார் கையால் வந்தது என்று மியூசியத்துக்கு எழுதிக் கேளுங்கள். முகமூடிக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்று சொன்னேனே, அது பதிவேட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது, வாங்கினவர்கள் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.